எழுபதாவது வளைவுக்கு மேலே: கொல்லிமலையில் நடையும் சைக்கிளும்

கொல்லிமலை மேசை போன்ற மலை. நாமக்கல் மாவட்டத்தின் கிழக்கு எல்லையில், கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டாக, சமவெளியிலிருந்து சுவர் எழுப்பியதுபோல் நிமிர்ந்து நிற்கிறது. நாலா பக்கமும் செங்குத்துச் சரிவு. மேலே போய்விட்டால் 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் மேடும் பள்ளமும் ஓடையும் வயலுமாக ஊர்கள் விரிந்து கிடக்கின்றன. சதுரகிரி என்ற பழைய பெயர் இந்த வடிவத்தால் வந்தது என்பார்கள். நடக்க வருபவருக்கும் சைக்கிளில் வருபவருக்கும் இந்த வடிவம்தான் முதல் பாடம். கடுமையான ஏற்றமெல்லாம் விளிம்பில் ஒரேயடியாக வந்து முடிந்துவிடுகிறது. அதைத் தாண்டியபின் நாள் முழுக்கச் சிறுசிறு ஏற்ற இறக்கங்களில் சுற்றிக்கொண்டே இருக்கலாம்.

வருகிறவர்களில் பெரும்பாலோர் காலையில் காரில் ஏறி, அருவியில் குளித்து, கோயிலில் கும்பிட்டு, ஒரு பலாப்பழத்தோடு மாலையிலேயே இறங்கிவிடுகிறார்கள். மேல்தளத்துப் பள்ளத்தாக்குகள் அவர்கள் கண்ணில் படுவதே இல்லை. கொல்லிமலையில் பார்க்க வேண்டியது அந்தப் பள்ளத்தாக்குகளைத்தான். இரண்டு இரவாவது தங்கும்படி திட்டமிட்டு வந்தால் ஒரு நாள் ஏற்றத்துக்கு, ஒரு நாள் நடைக்கு, ஒரு நாள் சுற்றுக்கும் இறக்கத்துக்கும் என்று பிரித்துக்கொள்ளலாம்.

அடிவாரத்துக்கு வந்து சேர்வது எளிது. சேலம், கரூர் இரண்டும் பெரிய ரயில் சந்திப்புகள். 2013இல் சேலம்–கரூர் பாதை திறந்தபின் நாமக்கல்லுக்கும் ராசிபுரத்துக்கும் ரயில் நிலையம் கிடைத்துவிட்டது. நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகப் போனால் காரவள்ளி. மலையின் புகழ்பெற்ற 70 கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குவது இங்கேதான். ராசிபுரம் பக்கமிருந்து முள்ளுக்குறிச்சி வழியாக ஏறும் இன்னொரு சாலையும் உண்டு. அதில் வளைவுகள் குறைவு, வாகனமும் குறைவு. சைக்கிளில் வருபவர் காரவள்ளி வழியாக ஏறி முள்ளுக்குறிச்சி வழியாக இறங்கினால் ஒரே சாலையை இரண்டு முறை பார்க்காமல் முழு வட்டமாக முடித்துக்கொள்ளலாம். நடக்க மட்டும் வருபவர்களுக்கு நாமக்கல்லிலிருந்து மலைக்குப் பேருந்து இருக்கிறது. செம்மேடு வரை ஏறி அங்கே இறங்கிக்கொள்வது வசதி.

காரவள்ளி ஏற்றம் சுமார் 20 கிலோமீட்டர் நீளம். ஏறும் உயரம் ஏறத்தாழ 1,000 மீட்டர். கணக்குப் போட்டால் நூறு அடி நகர்வதற்கு ஐந்து அடி உயரம். இந்தச் சரிவு யாரையும் மிரட்டாது, ஆனால் இடையில் ஓய்வும் கொடுக்காது. பழக்கமுள்ளவர்கள் இரண்டு மணி நேரத்துக்குள் ஏறிவிடுவார்கள். நிதானமாக மிதிப்பவர் மூன்று நான்கு மணி நேரம் ஒதுக்கிக்கொள்வது நல்லது. காலை 6 மணிக்குக் காரவள்ளியை விட்டுக் கிளம்பிவிட வேண்டும். கீழ் வளைவுகள் வறண்ட புதர்க்காட்டின் ஊடே போகின்றன. வெயில் ஏறிவிட்டால் பாறை அனல் வீசும். ஒவ்வொரு வளைவிலும் எத்தனையாவது வளைவு என்று எண் எழுதிய பலகை நிற்கிறது. முதல் பத்தில் அந்த எண்ணைப் பார்த்தால் சோர்வுதான் வரும், தலையைத் தாழ்த்தி மிதிப்பதே மேல். பாதிக்கு மேல் போனபின் காற்று குளிர்ந்துவிடும். பலாவும் சில்வர் ஓக் மரமும் அதைச் சுற்றிப் படர்ந்த மிளகுக் கொடியும் கண்ணில் படத் தொடங்கினால் சோளக்காடு நெருங்குகிறது என்று பொருள்.

கொண்டை ஊசி வளைவில் மிதிப்பதற்கு ஒரு நுணுக்கம் உண்டு. வளைவின் உட்பக்கம் செங்குத்து, வெளிப்பக்கம் சாய்வு குறைவு. நம் நாட்டில் இடப்பக்கம் போவதால் வலப்புறம் திரும்பும் வளைவுகளில் சைக்கிள் தானாகவே வெளி வட்டத்தில் போகும், மூச்சு வாங்க நேரம் கிடைக்கும். இடப்புறம் திரும்பும் வளைவில் உட்பக்கச் செங்குத்தில் மாட்டிக்கொள்ள நேரும். அதற்குப் பத்து மீட்டர் முன்பே மிகச் சிறிய கியருக்கு மாற்றிவிட வேண்டும், வளைவுக்குள் நுழைந்தபின் மாற்றினால் சங்கிலி கழலும். பேருந்து ஹாரன் கேட்டால் வளைவுக்கு முன்பே ஓரமாக நின்றுவிடுவது ஒன்றே வழி. பேருந்து திரும்ப வளைவின் முழு அகலமும் தேவைப்படும். மலைச்சாலையில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது விதி. சைக்கிள்காரர் அந்த உரிமையை நம்பி நடுச்சாலையில் நிற்கக் கூடாது.

சாலைக்கான மெல்லிய டயர் சைக்கிள் இந்த ஏற்றத்துக்குப் போதும். மேலே ஊர்களுக்கு இடையே மண்பாதையில் போக நினைப்பவருக்குத் தடித்த டயரும் டிஸ்க் பிரேக்கும் உள்ள மலைச் சைக்கிள்தான் சரி. மாற்று ட்யூப் இரண்டு, பஞ்சர் ஒட்டும் சாமான், பம்பு, சங்கிலி இணைப்பு, ஒரு ஜோடி பிரேக் கட்டை ஆகியவற்றைக் கீழிருந்தே கொண்டுவந்துவிட வேண்டும். மேலே பைக் பஞ்சர் போடும் கடை கிடைக்கும். கியர் சைக்கிளுக்கான உதிரிப்பாகம் கிடைக்கும் என்று எண்ணி வரக் கூடாது. முன்னும் பின்னும் விளக்கு அவசியம். மார்கழி, தையில் காலை எட்டு மணிக்குக்கூட மூடுபனியில் இருபது அடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது.

சோளக்காட்டில் ஏற்றம் முடிகிறது. பழக்கடைகளும் சந்தையும் உள்ள ஊர். மலை வாழை, அன்னாசி, பலா, மிளகு, தேன் எல்லாம் இங்கே வந்து சேர்ந்துதான் கீழே போகின்றன. பக்கத்தில் சீக்குப்பாறைக் காட்சிமுனை. ஏறிவந்த வளைவுகளையும் சமவெளியையும் அங்கிருந்து ஒருசேரப் பார்க்கலாம். அடுத்த பெரிய ஊர் செம்மேடு. ஒன்றிய அலுவலகம், அரசு மருத்துவமனை, தங்கும் விடுதிகள், உணவகங்கள் எல்லாம் இங்கே இருப்பதால் தங்குவதற்கு இதுவே ஏற்றது. கைப்பணம் போதுமான அளவு வைத்துக்கொள்வது நல்லது. உள்ளூர்களில் கைபேசி அலைவரிசை அடிக்கடி அறுந்துபோகும், அப்போது பணம் அனுப்பும் செயலி எதற்கும் உதவாது.

செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலை இருக்கிறது. கடையெழு வள்ளல்களில் ஒருவன், இந்த மலையை ஆண்டவன். ஓர் அம்பு எய்து யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் வரிசையாகத் துளைத்தவன் என்று வன்பரணர் புறநானூற்றில் அவனைப் பாடியிருக்கிறார். திருமுடிக்காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்ததையும் சங்கப் பாடல்கள் சொல்கின்றன. கீழே இருந்தவர்களுக்கு இந்த மேல்தளம் எத்தனை விரும்பத்தக்க நாடாக இருந்திருக்கிறது என்பதற்கு அந்தப் போரே சான்று. ஆடி 17, 18ஆம் நாள்களில் அரசு சார்பில் ஓரி விழா நடக்கிறது. ஆடிப்பெருக்குக் கூட்டமும் சேர்ந்துகொள்வதால் அந்த வாரம் சாலை முழுக்க வண்டிதான். விழா பார்க்க வருபவருக்கு அது நல்ல வாரம். சைக்கிளுக்கு உகந்ததில்லை.

மேல்தளத்தின் மக்கள் மலையாளிகள். இந்தப் பெயருக்கும் கேரளத்துக்கும் தொடர்பில்லை. மலையை ஆள்பவர் என்ற பொருளில் வழங்கும் பெயர் அது, அவர்கள் தாய்மொழி தமிழே. காஞ்சிபுரத்திலிருந்து முன்னோர் வந்து இந்த மலைகளில் குடியேறியதாக அவர்களிடையே வழிவழிக் கதை உண்டு. ஊராட்சிகளின் பெயர்களைப் பார்த்தால் பழைய அமைப்பு அப்படியே தெரியும்: வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, சேலூர் நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு, குண்டூர் நாடு. ஒரு நாடு என்பது பெரும்பாலும் ஒரு பள்ளத்தாக்கும் அதைச் சுற்றிய மேடுகளும்தான். அடியில் ஓடையை ஒட்டி நெல்வயல், சரிவில் மரவள்ளியும் சாமையும், மேட்டில் வீடுகள், அதற்கும் மேலே மிளகும் காபியும் பலாவும். ஒரு நாட்டிலிருந்து அடுத்த நாட்டுக்குப் போவதென்றால் ஒரு மேட்டில் ஏறி மறுபக்கம் இறங்க வேண்டும். இங்கே நடப்பதன் சுவை முழுவதும் அந்த ஏறி இறங்குவதில் இருக்கிறது.

இந்த ஒற்றையடிப் பாதைகள் எவையும் சுற்றுலாவுக்காக வெட்டியவை அல்ல. வயலுக்கும் சந்தைக்கும் பள்ளிக்கும் கோயிலுக்கும் தினமும் கால் பட்டுப் பட்டுப் படிந்தவை. ஆகவே வழிகாட்டும் பலகை எதுவும் இருக்காது. எதிரே வருபவரை நிறுத்தி, “அண்ணே, இந்தத் தடம் எங்க போவுது?” என்று கேட்டால் சரியான பதில் கிடைக்கும், சில நேரம் கூடவே பாதி தூரம் வந்து காட்டிவிட்டுப் போவார்கள். செம்மேட்டில் தங்குமிடத்தில் சொல்லிவைத்தால் உள்ளூர்க்காரர் ஒருவரை நாள் கூலிக்குத் துணை சேர்த்துக்கொள்ளலாம். முதல்முறை வருபவர் இதைச் செலவாக நினைக்கக் கூடாது.

வயல் வரப்பில் சைக்கிளை ஓட்டக் கூடாது, இறங்கித் தூக்கிக்கொண்டு போக வேண்டும். வரப்பு உடைந்தால் தண்ணீர் வழிந்து கீழ் வயலுக்காரருக்கு நட்டம். மிளகு பறிக்கும் மாதங்களில் வீட்டு வாசலிலும் சாலை ஓரத்திலும் தார்ப்பாய் விரித்து மிளகு காயப்போட்டிருப்பார்கள். முதல் நாள் பச்சை மணியாக இருப்பது நான்கைந்து நாள் வெயிலில் சுருங்கிக் கருத்து, காலடி பட்டால் சலசலவென்று ஓசையிடும். அந்தத் தார்ப்பாயைச் சுற்றிப் போவதுதான் மரியாதை. ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானத்தில் பெரும்பகுதி அதில் கிடக்கலாம். ஊர்களுக்கு அருகே அடர்ந்து நிற்கும் சிறு மரக்கூட்டங்கள் பல கோயில் காடுகள். அங்கே செருப்போடு போவதும், சுள்ளி ஒடிப்பதும், சத்தம் போடுவதும் ஊராரை வருத்தும். சில காடுகளுக்குள் வெளியார் போகும் வழக்கமே இல்லை, கேட்டுவிட்டுப் போக வேண்டும்.

சரிவில் சாமை விளைந்து நின்றால் சற்று நின்று பார்க்கலாம். கொல்லிமலை சிறுதானியங்களுக்குப் பேர்போன மலை. சாமை, தினை, பனிவரகு, கேழ்வரகு ஒவ்வொன்றிலும் பல நாட்டு ரகங்களை மக்கள் விதை மாற்றிக் காப்பாற்றி வந்தார்கள். சேலம், நாமக்கல் ஜவ்வரிசி ஆலைகளுக்கு மரவள்ளி தேவைப்பட்டதும் தானியச் சரிவுகள் கிழங்குத் தோட்டமாயின. தானியத்தை உரலில் குத்தும் உழைப்பும் பெண்கள் அதைக் கைவிட ஒரு காரணம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இங்கே விதை வங்கி, ஊர்களில் சிறு அரவை எந்திரம், மகளிர் குழுக்கள் வழியாகச் சிறுதானிய விற்பனை என்று வேலை செய்துவருகிறது. இந்த மலையிலிருந்து வாங்கிப்போகத் தகுந்த பொருள் எது என்று கேட்டால் மிளகுக்கு அடுத்தபடியாகச் சாமை அரிசியைச் சொல்லலாம்.

செம்மேட்டிலிருந்து வாசலூர்பட்டிப் படகு இல்லத்துக்கும் பெரியகோவிலூருக்கும் போகும் சாலை சைக்கிளுக்கு மிக நல்ல சாலை. இரு புறமும் நிழல். மேடும் பள்ளமும் மாறி மாறி வருவதால் கால் அலுக்காது. வழியிலிருந்து பிரிந்தால் மாசிலா அருவி, நம்ம அருவி, எட்டுக்கை அம்மன் கோயில். இரண்டு அருவிகளும் சிறியவை, குடும்பத்தோடு குளிக்க ஏற்றவை. பெரியகோவிலூரில்தான் அறப்பளீசுவரர் கோயில். ஆற்று மீனை அறுத்துச் சமைக்கப் போனபோது அது மீண்டும் பொருந்தி உயிர்பெற்று நீந்திப்போனதாகக் கோயில் கதை. இன்றும் அடியார்கள் ஆற்று மீன்களுக்குப் பொரி போடுகிறார்கள்.

கோயிலுக்குப் பக்கத்திலிருந்து ஆகாய கங்கை அருவிக்குப் படிகள் இறங்குகின்றன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். பல இடங்களில் படிகள் உயரமாகவும் குறுகலாகவும் இருக்கின்றன. கீழே ஐயாறு சுமார் 300 அடி உயரத்திலிருந்து பாறையில் விழுகிறது. சாரல் முகத்தில் அடிக்கும் தூரத்திலேயே பேச்சுக் கேட்காது. இறங்கும்போது முழங்காலும், ஏறும்போது மூச்சும் சோதனைக்கு உள்ளாகும். ஏறுவதற்கு இறங்கியதைப்போல் இரண்டு மடங்கு நேரம் வேண்டும். இதய நோய், மூட்டு வலி உள்ளவர்கள் மேலிருந்து பார்த்துவிட்டுத் திரும்புவதே சரி. பிற்பகலுக்குப் பின் கீழே இறங்க விடமாட்டார்கள் என்பதால் காலையிலேயே போய்விட வேண்டும். மழை நாள்களில் வெள்ளம் வந்தால் வனத்துறை வழியை மூடிவிடும். படிகள் நெடுகக் குரங்குகள். கையில் தின்பண்டப் பை தெரிந்தால் பறித்துவிடும். காலாங்கிநாதர், கோரக்கர் பெயரால் வழங்கும் சித்தர் குகைகள் அருவிக்கு அப்பால் காட்டுக்குள் இருக்கின்றன. துணை இல்லாமல் அந்தப் பக்கம் போகவே கூடாது.

படிகளுக்கு மேலே கடைகளில் முடவாட்டுக்கால் கிழங்குச் சூப்பு கிடைக்கும். பாறையில் ஒட்டி வளரும் ஒரு பெரணியின் கிழங்கு அது. பழுப்பு மயிர் மூடி, பார்ப்பதற்கு ஆட்டுக்காலைப் போலவே இருப்பதால் ஆட்டுக்கால் கிழங்கு என்றும் சொல்வார்கள். மயிரைச் சுரண்டி எடுத்துவிட்டு, தட்டி, மிளகு, சீரகம், சின்ன வெங்காயம் போட்டுக் கொதிக்கவைத்துத் தருகிறார்கள். ஆயிரம் படி ஏறிவந்த கால்களுக்கு அந்தச் சூடு இதமாக இருக்கும். மூட்டு வலிக்கு மருந்து என்று சொல்லிக் கிலோக்கணக்கில் விற்பதும் நடக்கிறது. பாறையிலிருந்து பெயர்த்தெடுத்தது மறுபடி வளர நாளாகும். ஒரு டம்ளர் குடித்துவிட்டுப் போவதோடு நிறுத்திக்கொண்டால் மலைக்கும் நல்லது.

ஐயாறு அருவிக்குக் கீழே காட்டுப் பள்ளத்தாக்கு வழியாகத் திருச்சி மாவட்டத்துப் புளியஞ்சோலையில் சமவெளியைத் தொடுகிறது. அந்தப் பக்கத்து மக்கள் அறப்பளீசுவரரைக் கும்பிடப் புளியஞ்சோலையிலிருந்து நடந்தே ஏறும் பழைய தடம் ஒன்று உண்டு. கொல்லிமலையின் சுவரைக் காலால் அளக்க விரும்புபவருக்கு இதுதான் பாதை. ஓடைகளைத் தாண்டித் தாண்டி, வறண்ட காட்டிலிருந்து ஈரக் காட்டுக்குள் நுழைவதை ஒவ்வொரு அடியிலும் உணரலாம். சாலை வளைவுகள் இதைக் காட்டாது. இது காப்புக்காடு. வனத்துறையின் எழுத்து அனுமதியும் வழி தெரிந்த துணையும் இல்லாமல் ஏறக் கூடாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அதே ஆண்டில் அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகளைக் கொண்டுவந்தது. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையிலான தீப்பருவத்தில் காட்டுத் தடங்கள் மூடப்படுவது வழக்கம். அந்த மாதங்களில் மேல்தளத்து ஊர்ப்பாதைகளோடு திருப்திப்பட்டுக்கொள்ள வேண்டும்.

மார்கழி இறுதியிலிருந்து தை முடியும் வரை மிகச் சிறந்த காலம். வடகிழக்கு மழை ஓய்ந்திருக்கும், அருவியில் நீர் இருக்கும், மிளகு அறுவடையும் நடக்கும். இரவில் நல்ல குளிர், ஸ்வெட்டர் வேண்டும். ஆவணி, புரட்டாசியும் நல்ல மாதங்கள்தான், மாலை மழைக்கு ஒரு மழைக்கோட்டு இருந்தால் போதும். ஐப்பசி, கார்த்திகையில் மண் சரிவும் வழுக்கலும் அட்டையும் சேர்ந்து தொல்லை தரும். அட்டை கடித்தால் பிடுங்கி எறியக் கூடாது, உப்பு வைத்தால் தானே விழும். பாறை விளிம்புகளில் தொங்கும் மலைத்தேன் கூடுகளுக்கு அருகே வாசனைத் தைலமும் புகையும் வேண்டாம். நடை நாளில் ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி முதல் தடை இருக்கிறது. மலையில் குப்பை வண்டி எல்லா ஊருக்கும் போவதில்லை, கொண்டுவந்த உறையெல்லாம் கொண்டுவந்தவர் பையிலேயே கீழே போக வேண்டும்.

இறங்கும் நாளில் காலையிலேயே பிரேக்கைச் சோதித்துவிட வேண்டும். இடைவிடாமல் பிரேக் பிடித்து இறங்கினால் ரிம்மும் டிஸ்க்கும் கொதித்துப் பிடிப்பு குறைந்துவிடும். வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து, திரும்பி முடித்ததும் முழுக்க விட்டுவிட வேண்டும். முன் பிரேக், பின் பிரேக் இரண்டையும் சேர்த்தே பிடிக்க வேண்டும். பத்து வளைவுக்கு ஒருமுறை நின்று ஆறவிட்டால் விரல்களுக்கும் ஓய்வு. ஈர இலை, சரளை, குரங்குக்குத் தின்பண்டம் போட நிற்கும் கார் ஆகிய மூன்றும் வளைவு திரும்பியதும் எதிர்ப்படும். வேகத்தை அதற்குத் தகுந்தாற்போல் வைத்துக்கொள்ள வேண்டும். மாலை 5 மணிக்குப் பின் இறங்கத் தொடங்கக் கூடாது. நேரமாகிவிட்டால் சைக்கிளைப் பேருந்தின் கூரையில் ஏற்றிக்கொள்ள முடியுமா என்று நடத்துநரிடம் கேட்கலாம், முடியாது என்றால் செம்மேட்டில் இன்னொரு இரவு தங்கிவிட வேண்டியதுதான். முள்ளுக்குறிச்சிச் சாலையில் இறங்குபவர்கள் வழியில் கடை குறைவு என்பதால் தண்ணீரை மேலேயே நிரப்பிக்கொள்ள வேண்டும். மேலே போட்டிருந்த ஸ்வெட்டரைப் பாதி வழியில் கழற்ற நேரும், அதற்குப் பையில் இடம் விட்டுவைத்தால் போதும்.